வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வது? பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் வெளியே போகும் வழியைத்தான் காட்டுவேன். தீயணைப்புக் கருவியெல்லாம் அப்புறம்தான். காரணம், தீ விபத்துகளில் உடல் எரிவதற்கு முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடுகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. கீற்றைப் பற்றி ஊரே பேசியது. குறுகலான படிக்கட்டைப் பற்றியும் அதே அளவு பேசியிருக்க வேண்டும். எங்கள் தொழிலிலேயே ஒன்று சொல்கிறேன். 2012 நவம்பரில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 110 பேருக்கு மேல் பலியானார்கள். அபாய மணி அடித்த பிறகும் மேற்பார்வையாளர்கள் தங்களை மறுபடி வேலைக்கு உட்காரச் சொன்னதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். எங்கள் பக்கத்திலும் திருட்டுக்குப் பயந்து பின்கதவைப் பூட்டுவதும், சரக்கு அனுப்பும் நாளில் நடைபாதையில் அட்டைப்பெட்டிகளை அடுக்குவதும் உண்டு. அதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. "ஒரு மணி நேரத்தில் எடுத்துடுவோம் சார்" என்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் தீப்பிடிக்காது என்று யார் உறுதி தருவது?

பிடிக்காமல் தடுக்க எங்களுக்கு முக்கியமானது சுத்தம். டியூப்லைட், வயர், சுவிட்ச் பெட்டி எல்லாவற்றின் மேலும் பஞ்சுத் தூசி படியும். ஒரு சின்னப் பொறி போதும், அந்தத் தூசி வழியாகவே தீ ஓடிவிடும். தீயணைப்புக் கருவியில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். பயன்படுத்தும்போது பின்னை உருவி, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடிக்க வேண்டும். வெளியே போகும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். சின்னக் கருவி சில விநாடிகளிலேயே காலியாகிவிடும். குப்பைக்கூடை அளவுத் தீயைத் தாண்டிவிட்டால் அணைக்க நிற்காதீர்கள், வெளியேறி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். புகை மேலே ஏறும் என்பதால் குனிந்தோ தவழ்ந்தோ போங்கள். லிஃப்ட் வேண்டாம்.

வீட்டுக்கு வருவோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். வாடை வந்தால் லைட்டைப் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதுதான் பலர் செய்யும் ஆபத்தான காரியம், அந்த சுவிட்சின் பொறியே போதும். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்தபின் 1906-க்கு போன் செய்யுங்கள், அது கேஸ் கசிவுக்கான அவசர எண். ரப்பர் டியூப்பில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஒரே கணத்தில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை முகத்தில் வாரி அடிக்கும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

மின் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த வண்டி எரிந்து, அந்தப் புகையில் ஒரு அப்பாவும் மகளும் மூச்சுத்திணறி இறந்தார்கள். வாசலில், வழியை மறித்து, எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். தீக்காயத்தில் பற்பசை, இங்க், மாவு எதையும் பூசாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.