8 ஜிபி ரேமில் 400 எம்பி எங்கே போனது?

8 ஜிபி ரேம் போட்டும் லினக்ஸில் மெம்டோட்டல் (MemTotal, பயன்படுத்தக் கிடைக்கும் மொத்த நினைவகம்) 7.6 ஜிபிதான் காட்டுகிறது, அந்த 400 எம்பியை எந்த ப்ராசஸும் தின்னவில்லை என்கிறீர்கள். டாப்பில் (ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் கட்டளை) தேடிப் பயனில்லை. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பூட் ஆகும்போதே ஒதுக்கி வைத்த நினைவகம் அந்தக் கணக்கில் வரவே வராது.

முதலில் பூட் லாக்கில் 'மெமரி' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். மொத்தம், கிடைப்பது, ரிசர்வ்டு மூன்றும் ஒரே வரியில் இருக்கும். அப்புறம் ப்ராக் அடைவில் ஐஓமெம் கோப்பைத் (/proc/iomem) திறந்தால் எந்த முகவரி யாருக்கு என்று தெரியும். ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) திறக்க வேண்டும், இல்லையென்றால் முகவரிகள் எல்லாம் பூஜ்யமாகவே வரும் (நானும் ஒருமுறை இதில் ஏமாந்து அரை நாளைத் தொலைத்தேன்).

ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. நினைவகத்தை 4 கேபி துண்டுகளாக, அதாவது பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் கெர்னல் வழக்கமாக 64 பைட் விவரம் வைத்துக்கொள்கிறது. 8 ஜிபிக்கு அதுவே 128 எம்பி. மீதியில் எனக்கு முதல் சந்தேகம் கிராஷ்கெர்னல் (கெர்னல் செயலிழந்தால் இயங்கும் மாற்றுக் கெர்னலுக்காக ஒதுக்கும் இடம்) மேல்தான். சிஸ் அடைவின் கெர்னல் பகுதியில் கெக்செக் கிராஷ் சைஸ் (/sys/kernel/kexec_crash_size) என்ன காட்டுகிறது? கேடம்ப் (கிராஷ் ஆகும்போது நினைவகத்தைச் சேமிக்கும் வசதி) தேவையில்லை என்றால் பூட் வரியிலிருந்து கிராஷ்கெர்னல் அளவுருவை எடுத்துவிடுங்கள். ஆன்போர்டு கிராபிக்ஸுக்கு பயோஸ் ஒதுக்கியது இருந்தால் அதை அங்கேதான் குறைக்க வேண்டும்.

சிஎம்ஏவை (தொடர்ச்சியான நினைவகம் தேவைப்படும் சாதனங்களுக்காக ஒதுக்கும் பகுதி) இதில் சேர்க்காதீர்கள், அது மெம்டோட்டலுக்குள்ளேயே இருக்கிறது.