கொலராடோவில் முதல் எல்க் வேட்டை: எதற்குப் பணம் செலவிடலாம்?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸில் வசிக்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் அடுத்த ஆண்டு கொலராடோவுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போக விரும்புகிறோம். இங்கே தனியார் பண்ணைகளில் வெண்வால் மான் வேட்டையாடிய பழக்கம் உண்டு. மலை வேட்டை புதிது. வேட்டைப் பயணம் நடத்தித் தரும் ஒருவர் ஆளுக்கு 6,500 டாலர் கேட்கிறார். நாங்களாகவே போனால் பொது நிலத்தில் எல்க்கைவிட வேட்டைக்காரர்களைத்தான் அதிகம் பார்ப்போம் என்கிறார்கள். ஆளுக்கு 3,000 டாலருக்குள் இதை முடிக்க முடியுமா? எங்களில் ஒருவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். அதனால் சிக்கல் வருமா?

பதில்: விசாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் தவறினால் பணத்தோடு போகாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆகவே உங்கள் நண்பர் கொலராடோ உரிமம் கைக்கு வரும்வரை காத்திராமல், கோடையில் சுடுதளத்தில் பயிற்சிக்காகத் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே டெக்சஸ் வேட்டை உரிமம் ஒன்றை எடுத்து, அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குக் கட்டணம் கொடுப்பதும் இந்தப் பயணத்தில் வீண் செலவாகாது. பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி 3,000 டாலர் கணக்கு. முடியும். வெளிமாநிலத்தவருக்கான எல்க் உரிமமே 800 டாலரை ஒட்டி வரும். கொலராடோவாசிக்கு அது நூறுக்கும் குறைவு என்பதைக் கண்டு மனம் கசந்து பயனில்லை. இதனுடன் வாழிட முத்திரை எனப்படும், விலங்குகளின் வாழிடத்தைக் காக்க வசூலிக்கும் சிறு தொகையும் சேரும். 1949 ஜனவரி 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்கு வேட்டைக் கல்விச் சான்றிதழ் கட்டாயம். டெக்சஸில் பெற்ற சான்றிதழை அங்கே ஏற்பார்கள். டல்லாஸிலிருந்து மலைப்பகுதிக்குச் சுமார் ஆயிரம் மைல் தொலைவு. மூவரும் ஒரே வண்டியில் போய், கூடாரத்தில் தங்கி, சொந்தமாகச் சமைத்துக்கொண்டால் பயணமும் உணவும் உங்கள் வரம்புக்குள் அடங்கிவிடும்.

கருவிகளில்தான் புதியவர்கள் பணத்தை இறைக்கிறார்கள். நீங்கள் மானுக்குப் பயன்படுத்தும் ரைஃபிள் .270, .308 அல்லது .30-06 ஆக இருந்தால் புதிதாக ஒன்று வாங்கத் தேவையில்லை. எல்க்குக்குக் கொலராடோ விதிக்கும் கீழ்வரம்பு .24 காலிபரும் (குழல் விட்டம்) 85 கிரெய்ன் (எடை அளவு) குண்டும்தான், ஆனால் அந்த வரம்பிலேயே நிற்பது நல்லதல்ல. விலை உயர்ந்த உருமறைப்பு உடையும் வேண்டாம். ரைஃபிள் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குல அளவுக்கு ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடையும் அதே நிறத் தொப்பியும் அணிய வேண்டும் என்பது சட்டம், ஆகவே அதன் அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பணத்தைக் காலணியிலும் 10 மடங்கு பெரிதாக்கும் நல்ல தொலைநோக்கியிலும் போடுங்கள். காலணியை ஜூன் மாதமே வாங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் 9,000, 10,000 அடி உயரத்தில் மூச்சு வாங்கும்போது குதிகால் கொப்புளமும் சேர்ந்தால் வேட்டை இரண்டாம் நாளே முடிந்துவிடும்.

கூட்டத்தைப் பற்றிச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கொலராடோவில் எல்க் எண்ணிக்கை சுமார் 2,80,000. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. குலுக்கல் இல்லாமல் கடையிலேயே உரிமம் வாங்கக்கூடிய பருவங்களும் இருப்பதால் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். 2025 முதல் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வெளிமாநில வில் வேட்டைக்காரர்களும் குலுக்கலுக்குள் கொண்டுவரப்பட்டதால், அவர்களுக்குக் கடை உரிமம் என்பது பெரும்பாலும் அக்டோபர் பின்பகுதியிலும் நவம்பரிலும் வரும் இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் பருவங்களையே குறிக்கிறது. அந்த உரிமத்தை வாங்குவது எளிது, பலன் காண்பது அரிது. மாநிலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கிறது. கடை உரிமப் பகுதிகளில் இதைவிடக் குறைவு.

ஆகவே என் ஆலோசனை, கடை உரிமத்தை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொண்டு, ஏப்ரல் தொடக்கத்தில் முடியும் குலுக்கலுக்கு விண்ணப்பியுங்கள் என்பதே. கொலராடோ வனவிலங்குத் துறை ஒவ்வொரு வேட்டை அலகிலும் (வேட்டைக்காக மாநிலம் பிரித்துள்ள பகுதி) எத்தனை பேர் வேட்டையாடினார்கள், எத்தனை எல்க் கிடைத்தன, எத்தனை முன்னுரிமைப் புள்ளிகளுக்கு (குலுக்கலில் தோற்பவருக்கு ஆண்டுதோறும் சேர்வது) உரிமம் கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடுகிறது. சேர்த்த புள்ளி எதுவும் இல்லாமலே உரிமம் கிடைக்கும் அலகுகளை அதில் தேடி, அவற்றின் வேட்டைக்காரர் எண்ணிக்கையைப் பொது நிலப் பரப்போடு ஒப்பிடுங்கள். குறிப்பாகப் பெண் எல்க் உரிமங்களைப் பாருங்கள். கொம்புப் படத்துக்கு ஆசைப்படாமல் முதல் வேட்டையில் இறைச்சியோடு திரும்ப விரும்புவோருக்கு அதுவே நல்ல வழி. ஆண் எல்க்காக இருந்தால் பல அலகுகளில் ஒரு கொம்பிலாவது நான்கு கிளைகளோ, ஐந்து அங்குலப் புருவக் கிளையோ (கொம்பின் அடியில், நெற்றியை ஒட்டிய கிளை) இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுட வேண்டியிருக்கும். குலுக்கலுக்கு விண்ணப்பிக்கத் தகுதி உரிமம் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும், குலுக்கலில் தோற்றாலும் அந்தப் பணம் திரும்பாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தபின், வனத்துறை இலவசமாகத் தரும் வாகனப் பாதை வரைபடத்தை எடுத்து, வண்டி போகும் ஒவ்வொரு பாதையிலிருந்தும் ஒரு மைல், ஒன்றரை மைல் தள்ளிய இடங்களைக் குறியுங்கள். பெரும்பாலானோர் அதற்கு மேல் நடப்பதில்லை. பருவம் தொடங்கும் நாளில் மற்றவர்கள் கிளப்பிவிடும் எல்க் கூட்டம் அடர்ந்த காட்டுக்கோ அருகிலுள்ள தனியார் நிலத்துக்கோ ஓடும். அந்த வழியில் விடியும் முன்பே நீங்கள் உட்கார்ந்திருந்தால் கூட்டம் உங்களுக்காக வேலை செய்யும். நில எல்லை காட்டும் ஆன்எக்ஸ் போன்ற செயலிக்கு ஒரு மாநிலச் சந்தா போதும், நாடு முழுவதற்குமான சந்தா தேவையில்லை. ஆனால் அதை வாங்காமல் போகாதீர்கள். கொலராடோவில் எச்சரிக்கைப் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியின்றித் தனியார் நிலத்தில் வேட்டையாடுவது குற்றம்.

6,500 டாலர் கேட்பவரைப் பொறுத்தவரை, அந்த விலை வழிகாட்டியோடு கூடிய வேட்டைக்கு அசாதாரணமானதல்ல. ஆனால் உரிமக் கட்டணம், வழிகாட்டிக்கான அன்பளிப்பு, இறைச்சி வெட்டும் கூலி ஆகியவை அதில் பெரும்பாலும் சேராது. முன்பணம் கொடுக்குமுன் அவர் மாநில அவுட்ஃபிட்டர் (வேட்டைப் பயணம் நடத்துபவர்) பதிவு அலுவலகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். நீங்கள் வேட்டையாடப்போகும் தேசிய வனத்தில் தொழில் நடத்த அவருக்கு அனுமதி உண்டா என்பதை அந்த வனத்தின் அலுவலகத்திலேயே கேளுங்கள். தேதி, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ரத்தானால் பணம் திரும்புமா ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். “எல்க் நிச்சயம்” என்று பொது நிலத்தில் உறுதி தருபவரை நான் நம்பமாட்டேன். இடைப்பட்ட வழியாக, குதிரையில் உங்களை உள்ளே கொண்டுபோய்க் கூடாரத்தில் விட்டுவிட்டு வரும் சேவையும் உண்டு.

கேள்வி: சுட்ட எல்க்கை இழுத்துவர இரண்டு சக்கரக் கைவண்டி ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிளாட் டாப்ஸ் போன்ற சட்டப்படியான வனாந்தரப் பகுதிகளில் மோட்டார் வண்டிக்கோ மிதிவண்டிக்கோ அனுமதி இல்லை. கைவண்டிக்கும் அதே தடைதான். வெளியே, வாகனங்களுக்கு மூடப்பட்ட பழைய மரவெட்டுப் பாதைகளில் அது உதவும். பொதுவாக, உறுதியான சட்டமுள்ள முதுகுப்பையும் காற்றோட்டமுள்ள இறைச்சிப் பைகளும் சிறந்த செலவு. ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய இறைச்சியே ஏறத்தாழ 90 கிலோ வரும்; தனி ஆளுக்கு அது மூன்று, நான்கு நடை. மூளையும் தண்டுவடமும் உள்ள பகுதிகளைக் கொண்டுவரப் பல மாநிலங்கள் மான் இனங்களில் பரவும் நாள்பட்ட மெலிவு நோய் (CWD) காரணமாகத் தடை விதித்திருப்பதால், எலும்பை மலையிலேயே நீக்கிவிடுவது இரட்டை லாபம். ஆனால் பாலினத்தைக் காட்டும் உறுப்பை இறைச்சியோடு ஒட்டியபடியே விடவேண்டும். வண்டிக்கு வைத்திருக்கும் பணத்தில், கூலிக்குக் குதிரை அனுப்பும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி, அவர் எண்ணையும் கட்டணத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு தேடினால் எல்லாக் குதிரைகளும் வேறொருவருக்காகப் போயிருக்கும்.