பத்தில் எட்டுப் பேருக்குக் குணம் என்றால் தைலம் வேலை செய்கிறது என்று அர்த்தமா?

பாலக்கோடு பக்கம் ஒரு மூட்டுவலித் தைலம் தேய்த்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வலி குறைந்ததாம், இது போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தேய்க்காத பத்துப் பேரில் எத்தனை பேருக்குக் குறைந்தது?

மூட்டு வலி ஏறி இறங்கும். என் அம்மா படியேற முடியாத நாளில்தான் பாட்டிலைத் தேடுவார், பத்து நாளில் வலி தானே தணியும், பெயர் தைலத்துக்குப் போய்விடும். அப்புறம் நம் தருமபுரியில் போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடே மூட்டைப் பிடிக்கும், ஆகவே இடையில் யார் ஃபுளோரைடு குறைந்த ஒகேனக்கல் குடிநீருக்கு மாறினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதற்குத்தான் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது. தெரிந்தது, தெரியாதது எல்லாம் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். 1948இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தின் ஆய்வில் அப்படித்தான் காசநோயாளிகளைப் பிரித்தார்கள்: ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். அந்த இரண்டாவது எண் இல்லாமல் முதல் எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்?

சரி, தைலத்துக்கு வருவோம். அதே வாசனையுள்ள வெறும் எண்ணெயை இன்னொரு குழுவுக்குக் கொடுங்கள், வலியைக் கேட்டு எழுதுபவருக்கும் யாருக்கு எது என்று தெரியக்கூடாது. பத்துப் பேர் போதாது, இரண்டு பேர் மாறினாலே முடிவு புரண்டுவிடும்.