கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நெற்றி முத்தம்

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை டூரிஸ்ட்டுகளுக்கு விடுகிறோம். சமீபத்தில் திருச்சியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து தங்கினார்கள். மலைச்சரிவு ஓர நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் ஒருத்தி இன்னொருத்தி நெற்றியில் முத்தம் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஒருவர் "புள்ளகுட்டியோட வர்ற இடம்டீ இது" என்று சத்தம் போட, கூட்டம் சேர்ந்து, ஒரு பையன் வீடியோவும் எடுத்துவிட்டான். அழுதுகொண்டே திரும்பி வந்தார்கள். நமக்கெதுக்கு வம்பு, ரூமைக் காலி பண்ணச் சொல் என்றார் என் வீட்டுக்காரர், நான் விடவில்லை. இனி இப்படி யாராவது வந்தால் எங்கள் மேல் கேஸ் ஏதும் வருமா?
- பெயர் வேண்டாம், கொடைக்கானல்

பதில்: வராது, வீட்டுக்காரரை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருப்பதை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் கீழ் குற்றமாக்க முடியாது என்று 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. கல்யாணமாகாத ஜோடி ஓர் அறையில் தங்குவது குற்றமில்லை என்று கோவை விடுதி ஒன்றின் வழக்கில் 2019-லேயே சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பதினெட்டு தாண்டியிருக்கிறார்களா, அடையாள அட்டை இருக்கிறதா, வாடகை வந்ததா என்று பாருங்கள், அதற்கு மேல் உங்களுக்கு வேலை இல்லை.

அந்தச் சத்தம் போட்ட மனிதர் விஷயத்துக்கு வருவோம். மேகம் விலகுகிற நேரத்தில் கோக்கர்ஸ் வாக்கில் போய் நின்று பாருங்கள், கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத ஜோடியைக் கம்பி ஓரமாக நிறுத்திவைத்து, "சார் இன்னும் கிட்ட வாங்க, அப்படியே நெத்தியில ஒண்ணு, மேடம் கண்ணை மூடிக்கங்க" என்று போட்டோகிராபரே சொல்லிக்கொடுப்பார், புள்ளகுட்டியோடு வந்தவர்கள் படத்தில் விழுந்துவிடப் போகிறோமே என்று ஒதுங்கி வழி விடுவார்கள். அப்போது எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை. இரண்டும் பெண்கள் என்றதும் அவருக்கு வயிறு எரிந்திருக்கிறது, குழந்தைகளைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று தெரிந்து குழந்தைகளை இழுத்திருக்கிறார். பொது இடத்தில் ஆபாசமாக நடந்து பிறருக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு அந்தப் புதிய சட்டத்தில் 296-வது பிரிவு இருக்கிறது, மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நெற்றி முத்தத்தை அதில் கொண்டுபோய் அடைக்க நினைத்தால் முதலில் அந்த போட்டோகிராபரைத்தான் பிடிக்க வேண்டும்!

எனக்கு அவரைவிட அந்த வீடியோ பையன் மேல்தான் பயம். இந்தப் பெண்கள் மலையேறி வந்ததே இங்கே தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்றுதான். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் இறங்கிச் சொந்தக்காரர் ஒருவர் கைக்குப் போனால் போதும், மறுநாள் வீட்டில் போனைப் பிடுங்குவார்கள், அறையில் பூட்டுவார்கள், அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதனால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மேஜை டிராயரில் அவர்கள் ஆதார் ஜெராக்ஸ் இருக்கும், ஊர், தெரு, அப்பா பேர் எல்லாம் அதில் இருக்கும். "நான் பொண்ணோட மாமா பேசறேன்" என்று யார் போன் பண்ணினாலும், தங்கினார்களா என்றுகூடச் சொல்லாதீர்கள்.

போலீஸ் வந்தால்? மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பெண்ணைக் காணோம் என்று வீட்டார் புகார் கொடுத்து, விசாரித்ததில் இருவரும் வயது வந்தவர்கள், விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை கொடுக்கக் கூடாது. அதன் தொடர்ச்சியாக 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளும் திருத்தப்பட்டன. எல்லா ஸ்டேஷனிலும் இது நடக்கிறதா என்றால் இல்லை. 2025 மே மாதம்கூட, போலீஸே ஒரு பெண்ணை வற்புறுத்திப் பெற்றோருடன் அனுப்பி, அவளுடைய தோழி உயர் நீதிமன்றம் போய்த்தான் மீட்க வேண்டியிருந்தது.

கேள்வி: நான் யாருக்கும் எதிரி இல்லை. ஆனால் இதையெல்லாம் நாலு சுவருக்குள் வைத்துக்கொண்டால் என்ன?
- ஒரு தகப்பன், வத்தலக்குண்டு

பதில்: வைத்துக்கொள்ளலாமே, எல்லோரும் வைத்துக்கொள்வதாக இருந்தால். பழனி பாதயாத்திரையில் வழியோரப் பந்தலில் ஒருவன் மடியில் இன்னொருவன் தலைவைத்துத் தூங்குவான், கால் வலிக்கிறது என்றால் நண்பனே அமுக்கியும் விடுவான். தோளில் கை போட்டு நடக்கும் ஆண்களை நம் ஊரில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அவர்கள் காதலர்கள் என்று தெரிந்த நிமிடத்தில் அதே கை உங்களுக்கு உறுத்துகிறது. நாலு சுவர் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது கையைப் பார்த்தா, ஆளைப் பார்த்தா? பிள்ளை கேட்டால் "ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சிருக்கு" என்று சொல்லுங்கள், அடுத்த கேள்வி சோளக்கதிர் பற்றித்தான் இருக்கும்.

கேள்வி: நானும் என் காதலனும் மே மாதம் கொடைக்கானல் வருகிறோம். கை கோத்து நடக்கலாமா?
- சேலம் பையன்

பதில்: தாராளமாக. ஏரியைச் சுற்றி நடக்கும்போது உங்களை நண்பர்கள் என்றே நினைப்பார்கள், அது சௌகரியமா வருத்தமா என்பது உங்கள் பாடு. முத்தம் உங்கள் உரிமைதான், ஆனால் கும்பலாக வந்து குடித்துவிட்டு நிற்கும் பையன்கள் இருக்கும் இடத்தில் உரிமை மட்டும் அடியிலிருந்து காப்பாற்றாது, அங்கே வீம்பு வேண்டாம். யாராவது வழிமறித்து மிரட்டினால் அது அவர்கள் செய்யும் குற்றம், கடைகள் இருக்கும் பக்கமாக நகர்ந்துகொண்டே 112-க்கு போன் போடுங்கள். அறை பிடிக்கும்போதே "ரெண்டு ஆண்கள், ஒரே கட்டில்" என்று மெசேஜில் கேட்டுவிடுங்கள், இழுக்கிறார் என்றால் அடுத்த இடம் பாருங்கள், ராத்திரி பத்து மணிக் குளிரில் வாசலில் நின்று வாதாடுவதற்கு இது எவ்வளவோ மேல். அப்புறம், மலர்க் கண்காட்சி நாட்களில் அறை கிடைப்பதே பெரிய பாடு, தேதி பார்த்து வாருங்கள். சொந்த வண்டி என்றால் மலைக்கு வர ஆன்லைனில் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் வந்தால் அதுவும் வேண்டாம்.