பிஸ்கட் டப்பா – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் பெயரைப் போட வேண்டாம். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. கணவருக்கு சிங்கப்பூரில் கட்டட வேலை, ஒர்க் பெர்மிட். நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு மாதம் தேறாது. நான் டவுனில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறேன்.

என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அவர் முதல் தடவை லீவில் வந்தபோது பேன்ட் பையில் கிடந்த சிங்கப்பூர் முஸ்தபா கடை பில், போர்டிங் பாஸ், ஒரு டாலர் காசு, தீர்ந்துபோன கோடாலித் தைலக் குப்பி, சிமென்ட் ஒட்டிய ஒற்றைக் கையுறை, துவைக்காத ஒரு டீ ஷர்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. நாத்தனார் நகை இருக்கும் என்று திறந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, குப்பையைப் போய்ப் பூட்டி வச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு ஏற்றாற்போல் போன வாரம் எடுத்துப் பார்த்தால் அந்த பில்லில் எழுத்தே இல்லை, வெள்ளையாகக் கிடக்கிறது.

தினமும் போன் பேசுகிறோம். "சாப்டியா", "சாப்டேன்", "நீ?", அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வருவதில்லை. அந்தக் காலத்தில் கடிதம் எழுதியவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றுகிறது. என்னைப் பற்றி அங்கே அவரிடம் ஒரு பொருள்கூட இல்லை. அதைவிட, போன முறை லீவில் அவர் வீட்டில் இருக்கும்போதே நான் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருக்கிற ஆள் யாரோ மாதிரி இருந்தார். இது என்ன கோளாறு என்று பயமாக இருக்கிறது.

ஒரு தடவை அங்கே போய்ப் பார்க்க ஆசை. காசு வீண் என்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

முதலில் பில் விஷயத்தை முடித்துவிடுவோம், அது அவசரம். அது மை வைத்து அச்சடித்தது அல்ல. ரசாயனம் பூசிய தாள். சூடு பட்ட இடம் கறுக்கும். ஏ.டி.எம். சீட்டு, பஸ் கண்டக்டர் மெஷினில் கிழித்துத் தரும் டிக்கெட், பெரும்பாலான போர்டிங் பாஸ் எல்லாம் இதே ரகம். வெயில், வெக்கை, எண்ணெய்க் கை, பிளாஸ்டிக் கவர் எதுவும் அதற்கு ஆகாது. பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போடக் கொடுத்தால் அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும். போர்டிங் பாஸை நாளைக்கே ஜெராக்ஸ் எடுத்து, அசலைச் சாதாரணக் காகித உறையில் போட்டு வையுங்கள். வெளுத்த பில்லையும் எறிந்துவிட வேண்டாம். செல்போனில் படம் பிடித்து கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள், சில சமயம் எழுத்தின் தடம் தெரியும். டீ ஷர்ட்டோடு அந்துருண்டை கிந்துருண்டை போட்டுவிடாதீர்கள். பிறகு அந்த வாசம்தான் மிஞ்சும்.

இனி நாத்தனார். அந்தப் பெண் சிரித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது குப்பைதான். ஆனால் உங்கள் டப்பாவில் இல்லாத பொருட்களைக் கவனித்தீர்களா? செண்ட் பாட்டில் இல்லை, சாக்லேட் உறை இல்லை, அவர் ஆசையாக வாங்கி வந்த சேலையோ வாட்ச்சோ இல்லை. அவையெல்லாம் பீரோவில் இருக்கும். சிங்கப்பூர்ப் பெட்டியில் வருகிற சாமான்கள் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்: தைலம் ஒரு டஜன், டவல், சோப்பு, டார்ச் லைட், பிள்ளைகளுக்கு மிட்டாய். பட்டியல் போட்டு, எடை பார்த்து, யாருக்கும் விட்டுப்போகாமல் வாங்குவார்கள். வாங்கியவனைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. நீங்கள் எடுத்து வைத்ததெல்லாம் அவர் கொடுக்காதவை, பையிலிருந்து தானாக விழுந்தவை. கொடுப்பதற்காக வாங்கிய பொருளில் மாப்பிள்ளை இருக்கிறார். ஒற்றைக் கையுறையில் வேலைக்குப் போகிற ஆள் இருக்கிறார். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது ஆள். அதில் கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தூரம் எதைப் பறிக்கிறது என்று பாருங்கள். பொங்கல், பிறந்தநாள், கல்யாண நாளை அது பறிப்பதில்லை. அன்றைக்கு எப்படியும் வீடியோ கால் வந்துவிடும். பறிபோவது செவ்வாய்க்கிழமை மத்தியானம். நகம் வெட்டினாரா, செருப்பு அறுந்ததா, யாரிடம் கோபித்துக்கொண்டார் என்பதெல்லாம். யாரும் போன் போட்டுச் சொல்கிற விஷயமில்லை இவை. சேர்ந்து வாழ்கிறவர்களுக்கோ இதுதான் முக்கால்வாசி வாழ்க்கை.

அதனால் அந்த "சாப்டியா" விவகாரத்துக்கு வருகிறேன். அது வெறும் பேச்சு என்று நினைக்கிறீர்கள். அங்கே கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பலருக்கு கேட்டரிங் சாப்பாடு. ராத்திரியே சமைத்துப் பொட்டலம் கட்டி, விடியுமுன் காலைச் சாப்பாட்டோடு மதியச் சாப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது சைட்டில் வெக்கையில் கிடந்து, பன்னிரண்டு மணிக்குப் பிரிக்கும்போது சோறு நசநசத்துப்போயிருப்பதும் குழம்பு புளித்திருப்பதும் அங்கே பல காலமாகப் பேசப்படும் குறை. அப்படிச் சாப்பிடுகிற ஒருவரிடம் "சாப்டியா" என்றால் "சாப்டேன்" என்று மட்டும்தான் வரும். "இன்னிக்குப் பொட்டலத்துல என்ன இருந்துச்சு, கெட்டுப்போச்சா, கெட்டுப்போனா என்ன பண்ணுவீங்க, பக்கத்துல யாரு உக்காந்து சாப்பிடுவா" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் "அதெல்லாம் எதுக்கு உனக்கு" என்பார். விடாதீர்கள். ஒரு வாரத்தில் அந்தப் பக்கத்து ஆளின் ஊர், அவருடைய பொண்டாட்டி பேர் வரைக்கும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு சங்கடம் கடிகாரம். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று தன் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி வித்தியாசம். கேட்க அற்பமாக இருக்கும். அவர் எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பினால் இங்கே ஐந்தரை, நீங்கள் தையல் மெஷினில் இருப்பீர்கள். அவர் படுக்கிற பத்து மணி, இங்கே ஏழரை. வீட்டில் அடுப்பு எரிகிற நேரம், மாமியார் பக்கத்தில் இருப்பார். நீங்கள் வேலை ஓய்ந்து போனை எடுக்கும்போது அவர் தூங்கி ஒரு மணி நேரமாகியிருக்கும். ஆக, பேச ஒன்றும் வராததற்கு மனசை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நேரடியாகப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து, கடையிலிருந்து, கையில் வேலை இருக்கும்போதே. வேலைக்கு லாரியில் உட்கார்ந்து போகும்போது அவர் கேட்டுக்கொள்வார்.

கடிதம் எழுதியவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் சித்தப்பா எண்பதுகளில் சார்ஜாவில் இருந்தார். சித்திக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றாலும், கடிதம் வந்தால் அதை உடைத்து வாசிக்கிற உரிமை தாத்தாவுக்குத்தான். 'நலம், நலமறிய ஆவல்' தொடங்கி, டிராஃப்ட் அனுப்பிய விவரம், வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் வணக்கம், கடைசியில் 'அவளையும் கேட்டதாகச் சொல்லவும்'. அந்த 'அவள்' சித்தி. பதில் எழுதுவது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான். என் கையெழுத்தில் என் சித்தி தன் புருஷனுக்கு என்னத்தைச் சொல்லிவிட முடியும்?

பிறகு கேசட் வந்தது. ஊருக்கு வருகிறவர்களிடம் பேசிப் பதிந்து கொடுத்துவிடுவார்கள். நாங்களும் கூடத்தில் டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பேசுவோம். தாத்தா ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்வார். சித்தியின் முறை வரும்போது நாடா முடியப்போகும், சுற்றிப் பத்துப் பேர் நிற்போம். "நல்லாயிருக்கேன். உடம்பைப் பாத்துக்குங்க." அவ்வளவுதான் வரும். ஆனால் சித்தப்பா ஊருக்கு வந்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது என்ன தெரியுமா? நாங்கள் பேசியது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. தாத்தா பேசும்போது பின்னால் கிணற்று ராட்டினம் கிரீச்சிட்டதையும், யாரோ பாத்திரத்தை ணங்கென்று வைத்ததையும் சொன்னார். "அது நீதானே, நீதான் அப்படி வைப்பே" என்று சித்தியிடம் கேட்டார். அதற்காகவே அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாராம்.

உங்கள் கணவரிடம் உங்கள் பொருள் ஒன்றுமில்லை என்ற குறைக்கும் இதில் பதில் இருக்கிறது. தங்கும் விடுதியில் ஒரு அறைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், சில இடங்களில் அதற்கு மேலும். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு சின்ன அலமாரி. போட்டோ பிரேம், பொம்மை எல்லாம் அனுப்பினால் வைக்க இடமிருக்காது, கிண்டல் வேறு. மடித்துப் பர்ஸில் வைக்கிற மாதிரி ஏதாவது கொடுத்துவிடுங்கள். நீங்கள் தைத்த ரவிக்கையின் வெட்டுத் துண்டு. அளவு குறித்த சீட்டு. கோவில் திருநீற்றைப் பொட்டலமாக மடிக்கும்போது உங்கள் கையெழுத்து இருக்கிற தாளில் மடியுங்கள், மளிகைக் கணக்கு எழுதியதாக இருந்தாலும் போதும். முறுக்கு சுற்றி அனுப்பிய தினத்தந்தித் தாளைக்கூட விடுதியில் வரி விடாமல் படிக்கிறவர்கள் உண்டு.

இப்போது நீங்கள் பயந்த விஷயம். பக்கத்தில் ஆள் இருக்கும்போது டப்பாவைத் தேடினீர்கள். லீவில் வருகிறவர் உங்கள் கணவராக எங்கே வருகிறார்? சிங்கப்பூர்க்காரராக அல்லவா வருகிறார். முதல் வாரம் பெட்டி பிரிப்பு, பங்கீடு. அப்புறம் விருந்து, குலதெய்வம் கோவில், கல்யாணத்துக்கு மொய், வீட்டுக்கு ஒட்டுப்போடும் வேலை, கடன் கேட்டு வருகிறவர்கள். நடுவில் ஒருநாள்கூட அவர் சும்மா இருந்திருக்க மாட்டார். டப்பாவில் இருக்கிற ஆளோ வேலைக்குப் போகிறார், கை வலிக்குத் தைலம் தேய்க்கிறார். வந்திறங்கிய விருந்தாளியைவிட அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த லீவில் விருந்துகளில் பாதியைத் தட்டிக்கழியுங்கள். ரேஷன் கடை வரிசைக்கு அவரைக் கூட்டிப் போங்கள். கரண்டு பில் கட்ட அனுப்புங்கள். தையல் கடை வாசலில் உங்களுக்காக ஒருநாள் அவர் காத்து நிற்கட்டும். டப்பாவையும் அவரிடம் காட்டுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும், அந்தக் கையுறையின் ஜோடி எங்கே போனது, எந்தக் கட்டடத்தில் போட்டிருந்தது என்று அவர் சொல்கிற கதையை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனுள்ளேயே செருகிவையுங்கள்.

வாட்ஸப் குரல்கள் பற்றி ஒரு வார்த்தை. போன் மாற்றும்போதோ தண்ணீரில் விழுந்தபோதோ வருஷக் கணக்கான குரலைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். பேக்கப் போட்டு வையுங்கள். பிடித்த ஒன்றிரண்டைத் தனியாக மெயிலுக்கும் அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, சிங்கப்பூர். 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை' என்கிறது தொல்காப்பியம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் கடப்பது வழக்கமில்லையாம். அந்த விதியை இன்றைக்குக் குடிநுழைவுச் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்ளும் பாஸ் அங்கே மாதம் 6,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான். ஒர்க் பெர்மிட்டில் அதற்கு வழியே இல்லை. அந்த ஊரின் காசில் தமிழில் 'சிங்கப்பூர்' என்று பொறித்திருக்கிறது, உங்களிடம் உள்ள டாலரைத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காசை அங்கே சம்பாதிக்கிறவரின் மனைவிக்கு அங்கே குடியிருக்க அனுமதி இல்லை. எனக்கு இது ஒருநாளும் சமாதானம் ஆனதில்லை.

ஆனால் விசிட் விசாவில் சில நாட்கள் போய்வரலாம். விடுதியில் தங்க முடியாது, லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன அறை எடுக்க வேண்டும், அது மலிவும் இல்லை. திருச்சியிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். அவர் காசு வீண் என்று சொல்வது அந்த அறையை, அந்த லாரியை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். பதமாகக் கேளுங்கள். போனால் ஞாயிற்றுக்கிழமை நடுவில் வருகிற மாதிரிப் போங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு, அவர் நண்பர்களோடு எங்கே உட்காருவாரோ அங்கேயே போய் உட்காருங்கள். ஊர் பார்க்க வருகிறவர்கள் கூடுகிற மெர்லயன் சிலையைப் போட்டோவில் பார்த்துக்கொள்ளலாம். அவர் பஸ் ஏறுகிற இடம், டீ குடிக்கிற கடை, முஸ்தபாவில் பில் போடுகிற வரிசை, இதையெல்லாம் பாருங்கள். அப்புறம் போனில் "இப்ப எங்க இருக்கீங்க" என்று கேட்டு அவர் சொல்லும்போது இடம் கண்ணில் தெரியும்.

பாஸ்போர்ட் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இந்த மாதமே விண்ணப்பம் போடுங்கள். அவரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா