ஒப்பிக்கிறான், ஆனால் வாசிக்கவில்லை

சகோதரி, ஒன்றாம் வகுப்பில் படிக்கும் தங்கள் மகன், கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்க வேண்டிய லூக்கா 2-ஆம் அதிகாரப் பகுதியைத் தடையின்றி ஒப்பிக்கிறான் என்றும், நடுவில் ஒரு சொல்லின்மேல் விரல் வைத்தால் திகைத்து நிற்கிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயதில் இது பெரிய குறை அன்று. காதால் கற்றது கண்ணை முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பகுதியும் எளிதானதல்ல. 'பெத்லகேம்', 'மேய்ப்பர்கள்' போன்ற சொற்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. போதாக்குறைக்கு ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் வேறு பிரித்தறிய வேண்டும். 'கிறிஸ்து' என்பதில் வரும் 'ஸ்' அவன் வகுப்பில் இன்னும் வந்ததோ என்னவோ, அதைத் தனியே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். 11-ஆம் வசனத்தின் 'பிறந்திருக்கிறார்' என்பதைப் 'பிறந்து', 'இருக்கிறார்' என்று பிரித்து எழுதிக் காட்டிய பின் சேர்த்து வாசிக்கச் செய்யுங்கள்.

பிறகு ஒரு வசனத்தின் சொற்களைத் தனித்தனி அட்டைகளில் பெரிதாக எழுதிக் கலைத்துப் போட்டு, அவனையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள்; அடுத்து வரும் சொல் எதுவென்று மனப்பாடம் சொல்லிவிடும், ஆனால் அந்த அட்டையை அவன் கண்ணால்தான் தேடியாக வேண்டும். வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைத்திருந்தால், 'முன்னணை' (குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி) என்ற அட்டையை அதற்குரிய இடத்தில் அவனே வைக்கட்டும்.

வேதாகமத்தின் பொடி எழுத்தை அவன் கையில் கொடுக்காமல், பெரிய எழுத்தில் எழுதிய தாளையே ஆராதனைக்கும் அனுமதிக்குமாறு ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முழுப் பகுதியும் பாரமாகத் தோன்றினால், 10, 11 ஆகிய இரண்டு வசனங்களே போதும்.