நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டினால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?

தம்பி ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டான், வெளிமாநில லாரியில் போனால் மாதம் எவ்வளவு வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நாமக்கல்லில் இருந்து 11 வருடமாக லைன் வண்டி, அதாவது வெளிமாநிலத்துக்குப் போகும் லாரி ஓட்டுகிறேன். நான் ஓட்டிய வண்டிகளில் எல்லாம் மாதச் சம்பளம் கிடையாது, படிதான். அதாவது அந்த நடைக்கு (போய்வரும் ஒரு பயணத்துக்கு) என்ன வாடகையோ அதில் இத்தனை சதவீதம். கம்பெனி வண்டி சிலவற்றில் சம்பளமும் கொடுத்து நாளுக்கு இவ்வளவு என்று பேட்டாவும் தருவார்கள்.

என் கணக்கையே சொல்கிறேன். பத்து சக்கர வண்டி, 12 சதவீதப் படி. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி நாசிக் போனேன், வாடகை 55,000. திரும்பும்போது வெங்காயம், 50,000. இரண்டுக்கும் சேர்த்து என் படி 12,600 ரூபாய். போகவர 2,500 கிலோமீட்டர். ஒன்பது பத்து நாளில் நடை முடிந்தால் மாதம் மூன்று நடை, 37,800 ரூபாய். சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் நம் கைக்காசு, நாளுக்கு 400 ஆகிவிடும். மாதம் 12,000 கழித்தால் 25,800 வீட்டுக்கு வரும்.

இதில் காத்திருப்பைச் சேர்க்கவில்லை. குடோன் வாசலில் இறக்குவதற்கு இரண்டு நாள், ரிட்டர்ன் லோடுக்காக புக்கிங் ஆபீஸ் பக்கம் மூன்று நாள் என்று நின்றுவிட்டால் அதே நடை 14, 15 நாள் இழுக்கும், மாதம் இரண்டு நடைதான் ஓடும். 25,200 வரும், ஆனால் சாப்பாட்டுச் செலவு அதே 12,000. மிச்சம் 13,200. ஓட்டுவதில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை, வண்டி நின்றதற்காகப் பாதி வருமானம் போய்விட்டது. லோடுக்காரர் ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான பணம் கொடுத்தால்கூட அது பெரும்பாலும் ஓனர் கணக்கில்தான் ஏறும், வண்டிக்குள் படுத்துக் காவல் இருந்தவனுக்கு வராது. எனக்கு இந்தத் தொழிலில் ஆற மாட்டாத கோபம் இது ஒன்றில்தான்.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதினார்கள். படிக்கு ஓட்டுகிறவனிடம் யார் மணிக்கணக்கு பார்க்கிறார்கள்? நின்று போன நாளை ஈடுகட்ட ராத்திரி தூங்காமல் மிதிப்போம். சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லின் கெடு வேறு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் டீசல். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்க வேண்டும் என்று ஓனர் சொல்லி, நமக்கு 3.7தான் வந்தது என்றால் 2,500 கிலோமீட்டரில் 50 லிட்டர் கூடுதலாகிறது, 4,500 ரூபாய் போகும். சிலர் அதைப் படியில் பிடித்துவிடுவார்கள். காட் (மலைப்பாதை) ஏற்றமோ தேய்ந்த டயரோ காரணமாக இருந்தாலும் டிரைவர் தலையில்தான் விழும். பாஸ்டேக் 2021 பிப்ரவரியில் கட்டாயமான பிறகு டோல் பணத்தைக் கையில் வைத்துக் கணக்கு சொல்லும் தலைவலி குறைந்தது, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் பஞ்சர், வழியில் கேட்கும் மாமூல், தார்ப்பாய் கட்டும் கூலி இதெல்லாம் ஓனருடையதா நம்முடையதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். கிளீனர் இல்லாமல் தனியாகப் போனால் அவன் படியும் நமக்குச் சேருமா என்பதும் அப்படித்தான்.

தம்பி வண்டி ஏறட்டும், நல்ல தொழில்தான். ஆனால் சதவீதத்தை மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை வாங்க வேண்டாம். ஹால்டிங் பணத்தில் பங்கு உண்டா, மைலேஜ் குறைந்தால் படியில் பிடிப்பார்களா என்று கேட்கட்டும். அந்த ஓனரிடம் ஏற்கனவே ஓட்டுகிற டிரைவர் ஒருவரைப் பிடித்து, போன மாதம் எத்தனை நடை ஓடியது என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்று என்றால் தைரியமாகப் போகலாம்.